ஒரு கேம் செய்து முடிக்க எவ்வளவு காசு வேண்டும்? யாழ்ப்பாணத்துக்கு ஒரு கணக்கு

சுயாதீன கேம் என்பது பெரிய நிறுவனம் எதனுடைய சம்பளத்திலும் இல்லாமல், ஒருவரோ நாலைந்து பேரோ தங்கள் பொறுப்பிலேயே செய்து விற்கும் வீடியோ கேம். அதற்கான கருவிகளில் பெரும்பாலானவை இன்று காசில்லாமல் கிடைக்கின்றன. கேமைக் கட்டி ஓட வைக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சின்களில் கொடோ, முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர், படம் வரைய கிறிட்டா ஆகிய மூன்றும் முற்றிலும் இலவசம். யூனிட்டி என்ற எஞ்சினின் இலவசப் பதிப்பை, கடந்த 12 மாத வருமானமும் முதலீடும் 200,000 டொலரைத் தாண்டும் வரை பயன்படுத்தலாம். அன்ரியல் எஞ்சின், ஒரு கேம் 10 இலட்சம் டொலர் ஈட்டிய பிறகே, அதற்கு மேற்பட்ட தொகையில் 5 வீதம் கேட்கிறது.

திருநெல்வேலியில் ஓர் அறையும் ஒரு நல்ல கணினியும் இருந்தால் போதுமே என்று தோன்றும். தொடங்குவதற்கு அது போதும்தான், முடிப்பதற்குப் போதாது. ஒரு கேமுக்குப் போகும் காசில் மிகப் பெரிய பங்கு, அதைச் செய்பவர்கள் வாழ்கிற மாதங்களுக்குப் போகிறது: சாப்பாடு, வாடகை, பெற்றோல், வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது. எத்தனை மாதம், அதை யார் தாங்குவது என்று எழுதிப் பார்க்காமல் தொடங்கிய கேம்தான் பாதியில் நிற்கும். வெங்காயம் நடுபவர் விதை, உரம், இறைப்பு, கூலி எல்லாவற்றையும் முதலே போட்டுவிட்டுக் கிண்டும் நாளில்தான் காசைக் காண்கிறார். அன்றைய சந்தை விலையும் அவர் கையில் இல்லை. கேமிலும் செலவு மாதாமாதம் போகும், வரவு கடைசியில் ஒரே தரமாக வரும்.

மாதச் செலவில் தொடங்குங்கள்

கீழே வருவது ஓர் உதாரணக் கணக்கு. தொகைகளை உங்கள் நிலைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் எந்தச் செலவினத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் நிரல் எழுதுகிறார், மற்றவர் படம் வரைகிறார். ஒவ்வொருவருக்கும் மாதம் 90,000 ரூபா. மின்சாரம், ஃபைபர் இணையம், போக்குவரத்து என்று இருவருக்கும் சேர்த்து 15,000. ஆக, மாதச் செலவு 195,000 ரூபா. பன்னிரண்டு மாதத்துக்கு 23.4 இலட்சம்.

இனி ஒரே தரமாக வரும் செலவுகள். கணினியும் யூபிஎஸ்ஸும் 4 இலட்சம். வெளியாளிடம் இசையும் ஒலிகளும் 1.5 இலட்சம். கடைப் பக்கத்தில் தெரியும் முகப்புப் படத்துக்கும் டிரெய்லருக்கும் 60,000. வேற்று மொழிகளுக்கு மொழிபெயர்ப்பு 1.2 இலட்சம். கணினிக் கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் ஒரு கேமைப் போடுவதற்கான கட்டணம் 100 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 30,000. எல்லாம் சேர்த்து 31 இலட்சம் வருகிறது. இதன்மேல் தாமதத்துக்காக 25 வீதம் வையுங்கள்: மொத்தம் 38.75 இலட்சம் ரூபா, அதாவது ஏறத்தாழ 12,900 டொலர்.

அந்த 25 வீதம் மிகைப்படுத்தல் அல்ல. ஓடுவது, குதிப்பது, அடிப்பது எல்லாம் மூன்றாம் மாதமே வேலை செய்யும். "முக்கால்வாசி முடிந்துவிட்டது" என்ற எண்ணம் அப்போதே வந்துவிடும். அதன் பிறகுதான் யாரும் கணக்கில் எடுக்காத வேலைகள் வரிசையாக வரும். மெனு, சேமித்த ஆட்டம் பழுதாகாமல் திரும்பத் திறப்பது, ஒலி அளவும் திரை அளவும் மாற்றும் அமைப்புகள், கொன்ட்ரோலர் பொத்தான்கள், பழைய கிராபிக்ஸ் அட்டையில் கேம் தடக்குவது, மொழிபெயர்ப்பு வந்ததும் பெட்டிக்கு வெளியே வழியும் எழுத்து. இவற்றில் எதுவும் டிரெய்லரில் தெரியாது. ஆனால் இவை இல்லாமல் கேமை விற்க முடியாது.

வீட்டிலேயே சாப்பிட்டு, வாடகை கொடுக்காமல் இருப்பவரும் தன் 90,000 ரூபாவை எழுதத்தான் வேண்டும். அந்தக் காசை அம்மாவோ அண்ணாவோ கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். எழுதாவிட்டால் கேம் இலாபமா நட்டமா என்பது ஒருபோதும் தெரியாது. ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணைக் கேமை எரிக் பரோன் தனி ஆளாக ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் செய்து 2016 பெப்ரவரியில் வெளியிட்டார். தனி ஒருவரின் வெற்றி என்று எங்கும் சொல்லப்படுவது அது. அந்த ஆண்டுகளில் அவர் ஒரு திரையரங்கில் பகுதிநேரமாக வேலை செய்தார்; வீட்டுச் செலவைப் பெரிதும் தாங்கியது அவருடைய துணைவியின் உழைப்பு. அந்த உழைப்பு இல்லாவிட்டால் நாலரை ஆண்டுகள் என்பது நடந்திருக்காது. வரவு செலவுத் திட்டத்தில் அதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.

9.99 டொலர் கேமில் கைக்கு வருவது எவ்வளவு

புதியவர்களை அதிகம் தடுமாற வைப்பது இந்த இடம். விலை 9.99, ஆயிரம் பிரதி விற்றால் பத்தாயிரம் டொலர் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அப்படி வராது.

முதலில், எல்லாரும் முழு விலைக்கு வாங்குவதில்லை. ஸ்டீமில் நாட்டுக்கு நாடு விலை வேறுபடும். இந்தியா, பிரேசில் போன்ற நாடுகளில் குறைவு. பலர் விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டுத் தள்ளுபடிக்காகக் காத்திருப்பார்கள். எனவே ஒரு பிரதியின் சராசரி விலை 6.50 டொலர் என்று எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் காட்டப்படும் விலைக்குள்ளேயே பெறுமதி சேர் வரி அடங்கியிருக்கிறது. பிரித்தானியாவில் 20 வீதம், ஜேர்மனியில் 19. எல்லா நாடுகளையும் சேர்த்துச் சராசரியாக 60 சதம் கழித்தால் 5.90. அடுத்தது, திருப்பிக் கொடுக்கப்படும் பணம். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பிக் கொடுத்துவிடும். பத்துக்கு ஒருவர் திருப்பினால் 5.30. ஸ்டீமின் பங்கு 30 வீதம்; மிச்சம் 3.71. அதிலிருந்து அமெரிக்க வரிப்பிடித்தமும் வங்கிக் கழிவுகளும் போகக் கையில் நிற்பது ஏறத்தாழ 3.50 டொலர், 1,050 ரூபா.

38.75 இலட்சத்தை 1,050 ஆல் வகுத்தால் 3,690. அவ்வளவு பிரதிகள் விற்ற பின்புதான் போட்ட முதல் வருகிறது. இலாபம் அதற்குப் பிறகு. 2024 இல் மட்டும் 18,000 க்கு மேற்பட்ட கேம்கள் வந்த ஒரு கடையில் இது சின்ன இலக்கம் அல்ல.

இதே வகுத்தலை மாதச் செலவுக்கும் போட்டுப் பாருங்கள். 195,000 ஐ 1,050 ஆல் வகுத்தால் 186. ஒவ்வொரு மாதத் தாமதமும் இன்னும் 186 பேர் வாங்க வேண்டும் என்று கேட்கிறது. "மீன்பிடிக்கிற பகுதி ஒன்றும் சேர்ப்போமே, ஒன்றரை மாதம்தானே" என்று யாராவது சொன்னால், அந்தப் பகுதிக்காகவே 280 பேர் புதிதாக வந்து வாங்குவார்களா என்று கேட்க இப்போது ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. கேமின் அழகைக் காசால் அளக்கிறோமே என்று மனம் சங்கடப்படலாம். ஆனால் எந்தப் பகுதியை வெட்டுவது என்று ஒருநாள் முடிவெடுத்தே ஆக வேண்டும். கையில் காசு இருக்கும்போதே எடுப்பது நல்லது.

செலவு ரூபாவில், வரவு டொலரில் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது; அடுத்த ஆண்டில் ரூபா ஓரளவு மீண்டது. டொலர் ஏறும்போது விற்பனைக் காசு பெருகும்; ஆனால் கிராபிக்ஸ் அட்டையும் மடிக்கணினியும் கூடவே ஏறும். இறங்கினால் வரவு மட்டும் சுருங்கும். எங்கள் உதாரணத்தில் டொலர் 280 ஆக இறங்கினால் 3,690 பிரதி 3,950 ஆகிறது. இன்றைய விலையிலும் சற்றுக் குறைத்தே திட்டம் போடுங்கள்.

காசு வந்து சேரும் பாதை

ஸ்டீம் ஒரு மாத விற்பனைக்கான பணத்தை அடுத்த மாத இறுதியை ஒட்டி அனுப்பும். மார்ச் 3 இல் வெளியிட்டால் முதல் காசு ஏப்ரல் முடிவில் வரும், வங்கி நாட்கள் வேறு. கேம் வெளியாகும் நாளில் கையிருப்பு பூச்சியமாக இருந்தால் அந்த இரண்டு மாதமும் கடன்தான். அதே நேரம், வெளியான முதல் வாரங்களில் வரும் முறைப்பாடுகளைச் சரிசெய்ய இருவரும் முழுநேரமும் வேலை செய்ய வேண்டியிருக்கும். வெளியீட்டுக்குப் பிந்திய மூன்று மாதச் செலவு, அதாவது 585,000 ரூபா, தொடாமல் இருக்க வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் வைத்த 25 வீதத்தை வெளியீட்டுக்கு முன்பே முடித்துவிட்டால், இந்தத் தொகைக்கு வேறு வழி பார்த்தாக வேண்டும்.

கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாட்கள் கடந்தால்தான் ஸ்டீமில் கேமை வெளியிட முடியும்; "விரைவில்" என்று காட்டும் பக்கம் இரண்டு வாரமாவது திறந்திருக்க வேண்டும். 100 டொலர் கட்டணம், கேம் 1,000 டொலர் ஈட்டினால் திரும்பக் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்தவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது பெயர். ஸ்டீமில் பதியும் சட்டபூர்வப் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களில் பலருக்கு அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் வேறு எழுத்துக்கூட்டல். இது சிறிய விடயமாகத் தெரியும். சரிபார்ப்பில் நிற்பதும் பணம் திரும்பிப் போவதும் இதனால்தான். வெளியீட்டுக்கு மூன்று மாதம் முன்பே வங்கிக்குப் போய், கடவுச்சீட்டில் உள்ளபடி ஆங்கிலப் பெயரைக் கணக்கில் திருத்தி, வெளிநாட்டிலிருந்து பணம் வருவதற்கான வங்கியின் சுவிஃப்ட் குறியீட்டையும் வெளிநாட்டுப் பணத்துக்கு எடுக்கும் கழிவையும் எழுதி வாங்கி வையுங்கள். டொலரை உடனே மாற்றாமல் வைத்திருக்க விரும்பினால் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைப் பற்றியும் அன்றைக்கே கேட்கலாம். இந்த வேலைகளைத் தனி ஆளாகச் செய்யாமல் வணிகப் பெயரில் செய்வதானால் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும்; கொம்பனியாக்கினால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஆண்டுக் கணக்குகளும் கணக்காளர் செலவும் சேரும். முதல் கேமுக்குத் தனி வணிகப் பெயர் போதும்.

அடுத்தது அமெரிக்க வரி. அமெரிக்காவில் விற்ற பிரதிகளின் உங்கள் பங்கிலிருந்து 30 வீதம் பிடிக்கப்படும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வரி உடன்படிக்கை இருப்பதால் அதை 10 வீதமாகக் குறைக்கலாம். அதற்கு ஸ்டீமின் வரிப் பகுதியில் டபிள்யூ-8பென் படிவத்தை நிரப்பி, உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தந்த வரி அடையாள இலக்கத்தைக் கொடுத்து உடன்படிக்கைச் சலுகையைக் கோர வேண்டும். விற்பனையில் பத்தில் மூன்று பங்கு அமெரிக்காவில் என்றால், 3,700 பிரதிகளில் இந்த ஒரு படிவம் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ரூபாவைக் காப்பாற்றும். இலங்கையில் 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் வரிவிலக்கு உண்டு. அதற்கு மேல் வருவதை எந்த வகை வருமானமாகக் காட்டுவது என்பதை ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டே செய்யுங்கள். அமெரிக்காவில் பிடித்ததற்கான சான்றையும் அவரிடம் கொடுங்கள்.

கைத்தொலைபேசிக் கேம் என்றால் கணக்கு வேறு. கூகுள் பிளேயில் பதிவு ஒரே தரம் 25 டொலர். அப்பிளில் ஆண்டுக்கு 99 டொலர். இரண்டு கடைகளும் சிறிய தயாரிப்பாளர்களிடம் எடுக்கும் பங்கு 15 வீதம்தான். அப்பிளில் அதற்கெனத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13 க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கானால், 12 பேரைக் கொண்டு 14 நாட்கள் தொடர்ச்சியாகப் பரிசோதித்த பிறகே வெளியிட விடுவார்கள். இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்பது பலருடைய முதல் எண்ணம். ஆயிரம் விளம்பரக் காட்சிக்குக் கிடைப்பது பார்ப்பவரின் நாட்டைப் பொறுத்தது, எங்கள் நாட்டுப் பார்வையாளருக்கு அது மிகக் குறைவு. ஆட்களைச் சேர்ப்பதற்கு விளம்பரச் செலவு செய்யக்கூடிய பெரிய கொம்பனிகளின் களம் அது. இரண்டு பேர் கொண்ட குழுவுக்குக் கணினிக் கேமை விலைக்கு விற்பதே பொருத்தமான பாதை.

முதலுக்கு எங்கே போவது

முதலில், எங்கே போகக்கூடாது என்பது. நகையை அடைவு வைத்தோ மாத வட்டிக்கு எடுத்தோ கேம் செய்யாதீர்கள். வட்டி மாதாமாதம் கேட்கும், கேம் ஒரு வருடத்துக்கு ஒரு சதமும் தராது. ஐந்து இலட்சத்தை ஆண்டுக்கு 18 வீத வட்டியில் 14 மாதம் வைத்தால் வட்டி மட்டும் 105,000 ரூபா, அதாவது இன்னும் நூறு பிரதிகள். அதைவிட, நகை முழுகிப் போகும் பயத்தில் அரைகுறைக் கேமை அவசரமாக வெளியிடுவதுதான் பெரிய நட்டம். முதல் வாரத்தில் வாங்கிய மோசமான மதிப்புரைகளைப் பின்னர் திருத்துவது கடினம். சீட்டு கட்டி எடுப்பது அவ்வளவு ஆபத்தில்லை, வேறு வருமானத்தால் மாதத் தவணையைக் கட்ட முடிந்தால் மட்டும்.

பெரும்பாலான குழுக்களைக் காப்பாற்றுவது ஒப்பந்த வேலை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிரல், படம், அனிமேஷன் செய்து கொடுத்து, அந்தக் காசில் சொந்தக் கேமைச் செய்வது. இதில் கெட்டுப்போவது எப்போதும் ஒரே மாதிரி: வாடிக்கையாளரின் வேலை அவசரம், சொந்தக் கேம் "பிறகு". கிழமையில் நாட்களைப் பிரிப்பதைவிட மாதங்களைப் பிரிப்பது நன்றாக வேலை செய்கிறது. இரண்டு மாதம் முழுக்க ஒப்பந்த வேலை, அடுத்த இரண்டு மாதம் முழுக்கக் கேம். ஒப்பந்த வேலைக்கு முன்பணம் மூன்றில் ஒரு பங்கு வாங்காமல் தொடங்காதீர்கள். பேபால் இலங்கையில் நீண்ட காலமாகக் காசு அனுப்ப மட்டுமே பயன்பட்டது, பெற முடியவில்லை. பேயோனியர் அல்லது நேரடி வங்கிப் பரிமாற்றம் என்று முதலே பேசி வையுங்கள்.

எங்கள் ஊரில் இன்னொரு மூலதனம் உண்டு: கனடாவில் இருக்கும் அண்ணா, லண்டனில் இருக்கும் மாமா. அவர்கள் மனமுவந்து கொடுப்பார்கள். ஆனால் கொடுத்தது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று இரு தரப்பும் வேறு வேறாக நினைத்துக்கொண்டிருப்பது, கேம் தோற்றாலும் வென்றாலும் உறவைக் கெடுக்கும். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எவ்வளவு, எப்போது திருப்புவது, கேம் விற்காவிட்டால் என்ன, பங்கு என்றால் செலவு கழித்த பிறகு எத்தனை வீதம், எத்தனை ஆண்டுக்கு. "எங்கட ஆக்களுக்குள்ள எதுக்குப் பேப்பர்" என்பவரிடம், பேப்பர் இல்லாவிட்டால் காசு வேண்டாம் என்று சொல்லும் துணிவு வேண்டும்.

பலரிடம் சிறு சிறு தொகையாக முன்கூட்டியே காசு சேர்க்கும் கிக்ஸ்டார்ட்டர் போன்ற கூட்டு நிதித் தளங்கள் எல்லா நாட்டவருக்கும் திறந்தவை அல்ல. இலங்கையிலிருந்து நேரடியாகத் தொடங்க முடியாது. உறவினர் பெயரில் அங்கே தொடங்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் அந்தப் பணம் சட்டப்படி அவருடைய வருமானம், வாக்குறுதிகளுக்கும் அவரே பொறுப்பு. அவர் தன் கணக்காளரிடம் கேட்ட பிறகே சம்மதிக்க வேண்டும். தளத்தின் கட்டணம் 5 வீதமும் கொடுப்பனவுக் கழிவும் போகும். கிடைக்கும் தொகையும் முழுச் செலவுக்குக் காணாது. ஹொலோ நைட் கேம் 2014 இன் இறுதியில் 35,000 அவுஸ்திரேலிய டொலர் கேட்டு 57,000 அளவில் பெற்றது. வெளிவந்தது 2017 பெப்ரவரியில். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு குழுவைத் தாங்க அந்தத் தொகை எப்படிப் போதும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

வெளியீட்டாளர் என்பவர் முன்பணம் தந்து, விளம்பரமும் பார்த்து, விற்பனையில் பங்கு எடுப்பவர். ஒப்பந்தத்தில் எல்லாரும் பார்ப்பது "50-50" என்ற வரியை. பார்க்க வேண்டியது, முன்பணம் எந்தப் பக்கத்திலிருந்து கழிக்கப்படுகிறது என்ற வரியை. அவர் 20,000 டொலர் தருகிறார், விளம்பரத்துக்கு 10,000 செலவழிக்கிறார், இரண்டையும் மீட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வரவிலிருந்து மீட்டால், ஸ்டீமின் பங்கு போகப் பிரதிக்கு 3.70 டொலர் வீதம் 8,100 பிரதி விற்றதும் உங்கள் பங்கு தொடங்கும். உங்கள் பாதியிலிருந்து மட்டும் மீட்டால், வரவு 60,000 டொலர் ஆகும் வரை உங்களுக்கு ஒன்றும் இல்லை: 16,200 பிரதிகள். தாளில் இரண்டும் 50-50 தான். விளம்பரச் செலவுக்கு உச்ச வரம்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை, குறித்த காலத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை உங்களிடமே திரும்புவது ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். கேமை வெளியிட்டுத் தருகிறோம் என்பவர்கள் உங்களிடமே காசு கேட்டால் அவர்கள் வெளியீட்டாளர்கள் அல்ல.

காசு கசியும் இடங்கள்

தமிழில் கேம் செய்ய விரும்புகிறவர்கள் முதல் கிழமையிலேயே எழுத்தைச் சோதியுங்கள். "கொடி" என்ற சொல்லைத் திரையில் போட்டுப் பாருங்கள். யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, உயிர்மெய் எழுத்தின் குறிகளைச் சரியான இடத்தில் அடுக்காது. கொம்பு பின்னால் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கொடோ 4 இதைச் சரியாகச் செய்கிறது. அதன் முந்திய பதிப்புகள் செய்யவில்லை. பத்தாவது மாதத்தில் இதைக் கண்டுபிடித்தால் எழுத்தையெல்லாம் படமாக்கவோ எஞ்சினை மாற்றவோ நேரிடும்; இரண்டும் மாதக் கணக்கு. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமம் உள்ளதை எடுத்தால் அந்தக் கவலை இல்லை.

இலவசம் என்று எடுத்த இசையில் "வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற நிபந்தனை இருக்கலாம். கேம் விற்கத் தொடங்கிய பின்தான் அது பிரச்சினையாகும். யூரியூப்பில் உங்கள் கேமை விளையாடிக் காட்டுபவரின் காணொளிக்கு உரிமைக் கோரல் வந்தால், அவர் மறுபடி உங்கள் கேமைத் தொட மாட்டார். எடுத்த ஒவ்வொரு ஒலிக்கும் படத்துக்கும் எங்கிருந்து, எந்த உரிமம், எந்தத் திகதி என்று ஒரு அட்டவணை வையுங்கள். எஞ்சின் உரிமத்தின் பிரதியையும் அதனுடன் சேருங்கள். யூனிட்டி 2023 செப்டெம்பரில், ஒவ்வொரு தடவை கேம் நிறுவப்படும்போதும் கட்டணம் என்று அறிவித்து, சரியாக ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. அந்த ஓராண்டில் பாதிவழியில் இருந்த குழுக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

குழுவில் ஒருவருக்கு விசா வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இது விதிவிலக்கான நிகழ்வு அல்ல, எதிர்பார்த்தே திட்டமிட வேண்டியது. படம் வரைந்தவர் எட்டாம் மாதம் வெளிநாடு போகிறார் என்றால், அதுவரை வரைந்ததை நீங்கள் விற்கலாமா, அவருக்கு எவ்வளவு பங்கு? எழுத்தில் இல்லாவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை வைத்து வழக்கறிஞரிடம் போய்க் கேட்க வேண்டியதாகிவிடும். பங்கை மாதங்களால் சம்பாதிப்பதாக வையுங்கள்: 12 மாத வேலையில் 8 மாதம் இருந்தவருக்கு, ஒப்புக்கொண்ட பங்கில் மூன்றில் இரண்டு. வரைந்த கோப்புகள் எல்லாம், அடுக்குகளுடன், அன்றன்றே குழுவினர் எல்லாரும் திறக்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் ஏற வேண்டும்.

2022 மார்ச் முடிவில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நிலை இப்போது இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் வரும் திடீர் வெட்டு சேமிக்காத வேலையையும் சில வேளை வன்தட்டையும் கொண்டுபோகும். யூபிஎஸ் வாங்கும்போது கணினியை ஒழுங்காக நிறுத்தப் பத்து நிமிடம் தந்தால் போதும். நாள் முழுக்க ஓட்டும் அளவுக்கு வாங்கினால் அந்தக் காசு ஒன்றரை மாதச் செலவைத் தின்றுவிடும்.

வாங்குபவரை எப்போது தேடுவது

கேம் முடிந்த பிறகு விளம்பரம் செய்வது மிகப் பிந்திய வேலை. காட்டக்கூடிய பத்து வினாடிக் காட்சி கைக்கு வந்தவுடன் ஸ்டீம் பக்கத்தைத் திறவுங்கள். கேமை விருப்பப் பட்டியலில் போட்டவர்களுக்கு வெளியீட்டு நாளிலும், பின்னர் 20 வீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி கொடுக்கும்போதும் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். 15 வீதம் கொடுத்தால் காசும் குறையும், மின்னஞ்சலும் போகாது. வெளிவராத கேம்களின் டெமோவை, அதாவது ஆடிப் பார்க்கும் இலவச மாதிரியை, ஸ்டீம் காட்டும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கும்; அந்த நிகழ்வில் ஒரு கேம் ஒரே தரம்தான் கலந்துகொள்ளலாம். டெமோ நன்றாக விளையாடக்கூடிய நிலைக்கு வந்த பின், வெளியீட்டுக்குக் கிட்ட உள்ள நிகழ்வில் போடுங்கள். முகப்புப் படத்துக்கான செலவைக் குறைக்காதீர்கள். கடைப் பட்டியலில் விரல் நீளப் படம் ஒன்றைப் பார்த்துத்தான் ஆட்கள் அழுத்துகிறார்கள்.

பக்கம் திறந்ததும் "உங்கள் கேமைப் பற்றி எழுதுகிறோம், ஐந்து இலவசக் குறியீடு அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல்கள் வரும். குறியீடு என்பது ஸ்டீமில் கொடுத்து ஒரு பிரதியைக் காசில்லாமல் பெறும் எழுத்துத் தொடர். அவற்றில் கணிசமானவை குறியீட்டை வாங்கி வேறு தளங்களில் விற்பவர்களுடையவை. அவர்களுடைய காணொளிப் பக்கத்துக்கு நீங்களே போய், அங்கே உள்ள முகவரிக்கு எழுதி உறுதிப்படுத்திய பின் ஒரு குறியீடு மட்டும் கொடுங்கள்.

முதல் கேமையே பன்னிரண்டு மாதத் திட்டமாக எடுக்க வேண்டியதில்லை. அதே இருவர், மூன்று மாதம், 4.99 டொலர் விலை என்று போட்டுப் பாருங்கள். வாழ்க்கைச் செலவு 585,000. ஸ்டீம் கட்டணம், முகப்புப் படம், உரிமத்துடன் வாங்கிய இசை எல்லாம் 130,000. ஆக 715,000 ரூபா. பிரதிக்குக் கையில் வருவது 525 ரூபா என்றால் 1,360 பிரதிகளில் முதல் திரும்பும். அது திரும்பாவிட்டாலும் நட்டம் ஏழேகால் இலட்சத்துக்குள் நிற்கும், வேறு வேலையில் சேர்ந்து கட்டி முடிக்கக்கூடிய தொகை. வங்கிப் பெயர், வரிப் படிவம், மொழிபெயர்ப்பு, வெளியீட்டு நாள் முறைப்பாடுகள் எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாகக் கண்ட குழுவாக அடுத்த கேமுக்குப் போவீர்கள். மூன்று மாதத்தில் முடியும் கேம் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி முடியக்கூடியதாக இருந்தால், முடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்பவர்களும் வருவார்கள். திரும்பத் திரும்ப ஆடக்கூடிய வகைக் கேம் ஒன்றைத் தெரிவு செய்தால் அந்த இழப்பு குறையும்.